ஃபாலன் லீவ்ஸ் பார்த்தவர்கள் வாங்க, அகி கௌரிஸ்மாகி பற்றிப் பேசலாம்

மாலைக்காட்சி எழுதியது:

வணக்கம் நண்பர்களே. இயக்குநர் அகி கௌரிஸ்மாகியின் ‘ஃபாலன் லீவ்ஸ்’ (2023) பற்றிப் பேச ஓர் இழை. ஃபின்லாந்துப் படம், 81 நிமிஷம், கான் திரைப்பட விழாவில் ஜூரி பரிசு வாங்கியது. முடிவை மட்டும் யாரும் உடைத்துவிடாதீர்கள். இன்னும் பார்க்காதவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

கதை இரண்டு வரிதான். ஹெல்சிங்கியில் ஆன்ஸா சூப்பர் மார்க்கெட்டில் சாமான் அடுக்குகிறவள். ஹோலாப்பா சாண்ட் பிளாஸ்டிங் தொழிலாளி. காற்றழுத்தத்தில் மணலைப் பீய்ச்சி இரும்பில் துரு எடுக்கிற வேலை. கூடவே குடி. ஒரு வெள்ளிக்கிழமை மாதிரியான ராத்திரியில் கரோக்கி பாரில் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள், பேசிக்கொள்ளவில்லை. பிறகு சந்திப்பது, தவறவிடுவது, மறுபடி தேடுவது என்று படம் போகிறது.

என்னைப் பிடித்து உட்காரவைத்தது இதில் உள்ள பணக் கணக்கு. இந்தப் படத்தில் எதற்கும் காசு கொடுத்தாக வேண்டும், படம் அதை ஒரு நிமிஷம்கூட மறப்பதில்லை. வேலை போனதும் ஆன்ஸா வேறு வேலை தேட இன்டர்நெட் கஃபேக்குப் போகிறாள். அங்கே உட்காரவே காசு. கரண்ட் பில் வருகிறது, பிரித்துப் படிக்கிறாள், வீட்டில் மின்சாரத்தை அணைக்கிறாள். யாரிடமும் புலம்பவில்லை. நமக்கு அந்த பில் தொகை எவ்வளவு என்று தெரிய வேண்டிய அவசியமே இல்லாமல் போகிறது.

அப்புறம் அந்தத் தட்டு. ஹோலாப்பாவை வீட்டுக்குச் சாப்பிட அழைத்துவிடுகிறாள். தனியாக இருக்கிறவள் வீட்டில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் பாத்திரம். கடைக்குப் போய் இன்னொரு தட்டும் கத்தி முள்கரண்டியும் வாங்கி வருகிறாள். இத்தனை வருஷமாக அந்த வீட்டுக்கு யாரும் சாப்பிட வந்ததில்லை என்பதை ஒரு வசனமும் இல்லாமல் ஒரு தட்டு சொல்லிவிடுகிறது. அந்த விருந்து எப்படி முடிகிறது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். அதன்பிறகு அந்தத் தட்டு போகிற இடம் என்னை ரொம்ப நேரம் வாட்டியது.

சத்தம் போடாத படம்தான். ஆனால் உள்ளே ஒன்றும் நடக்காத படம் இல்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

இரண்டாம்_ஷிப்ட் எழுதியது:

அக்கா, நான் கோயம்புத்தூர்ல ஒரு சூப்பர் மார்க்கெட்ல ஃப்ளோர்ல வேலை பார்க்கிறவன். படத்தோட முதல் பத்து நிமிஷத்தைப் பத்தி மட்டும் எழுதறேன், ஏன்னா அது எனக்குத் தெரிஞ்ச உலகம்.

தேதி முடிஞ்ச பாக்கெட்டை எல்லாம் எடுத்து குப்பையில போடறது ஆன்ஸா வேலை. ஒரு செக்யூரிட்டி அவளையே பார்த்துட்டு நிப்பான். அவன் ஒண்ணும் சொல்ல மாட்டான், பார்வை மட்டும்தான். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். எங்க கடையிலயும் ராத்திரி வெளிய போறப்போ பையைத் திறந்து காட்டிட்டுத்தான் போகணும். காட்டற ஒவ்வொரு தடவையும் நாம எதையும் எடுக்கலைன்னு நமக்கே ஒரு தரம் சொல்லிக்கணும்.

எக்ஸ்பயரி எடுக்கிறப்போ ரொம்ப கஷ்டமா இருக்கறது பிரெட்டும் தயிரும். நேத்து வரைக்கும் விலை போட்டு வித்த பொருள், இன்னைக்குக் காலையில இருந்து யாரும் தொடக்கூடாத பொருள். வாசல்ல ஒருத்தர் பசியோட நிக்கறது தெரியும், கொடுக்கக் கூடாது. ஆன்ஸா அதைத்தான் மீறறா. தானும் ஒண்ணைப் பையில வெச்சுக்கறா. குப்பைக்குப் போற பொருளை எடுத்ததுக்கு வேலை போகுது. ஜீரோ ஹவர் ஒப்பந்தம், அதாவது இத்தனை மணி நேரம் வேலை தர்றோம்னு எந்த உறுதியும் இல்லாத ஒப்பந்தம், அதனால நோட்டீஸும் கிடையாது, ஒண்ணும் கிடையாது.

எனக்குக் கண்ணுல தண்ணி வந்தது அதுக்கு அடுத்து. கூட வேலை பார்க்கற பொண்ணுங்க அவளைத் தனியா அனுப்பல. அவங்களும் சேர்ந்து வெளிய வந்துடறாங்க. கோஷம் இல்லை, பேச்சு இல்லை. கூட நின்னாங்க, அவ்வளவுதான். நான் பார்த்த வேலையிடங்கள்ல அப்படி நிக்கறவங்க ரொம்பக் கம்மி, நின்னவங்களை இப்பவும் மறக்கல.

தெற்குவாசல் எழுதியது:

மரியாதையோடு மாறுபடுகிறேன். படத்தை முழுதாகப் பார்த்தேன். எனக்கு இரண்டு குறைகள்.

ஒன்று, நடிப்பு. எல்லாரும் ஒரே முகத்தோடு நிற்கிறார்கள். காதலித்தாலும் அதே முகம், வேலை போனாலும் அதே முகம். வசனத்தை ஒப்பிக்கிற மாதிரி சொல்கிறார்கள். இது பாணி என்று எனக்கும் புரிகிறது. ஆனால் பாணி ஒரு கட்டத்துக்கு மேல் ஆட்களை மறைத்துவிடுகிறது.

இன்னொன்று இதைவிடப் பெரியது. இந்த வறுமை ரொம்ப அழகாக இருக்கிறது. சுவருக்கு நிறம், சோபாவுக்கு நிறம், கோட்டுக்கு நிறம் எல்லாம் ஓவியம் போலப் பொருந்துகிறது. பழைய ரேடியோ கச்சிதமாக மேஜைமேல் இருக்கிறது. கரண்ட் இல்லாத வீடு நிஜத்தில் அப்படி இருக்காது. உழைக்கிறவர்களின் வாழ்க்கையை உட்கார்ந்து ரசிக்கிற பொருளாக மாற்றிவிடுகிற அபாயம் இதில் உண்டு. ‘அமைதியான படம்’ என்று நாம் பாராட்டும்போது யாருடைய அமைதியைப் பாராட்டுகிறோம் என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மாலைக்காட்சி எழுதியது:

தெற்குவாசல், இரண்டாவது கேள்வி கனமானது. அதைக் கொஞ்சம் யோசித்துவிட்டு வருகிறேன். முதலாவதற்கு இப்போதே பதில் சொல்லலாம்.

முகம் மாறவில்லை என்பது உண்மை. ஆனால் கை மாறுகிறது. சினிமா பார்த்துவிட்டு வாசலில் நிற்கும் காட்சியை மறுபடி பாருங்கள். ஆன்ஸா ஃபோன் நம்பரைச் சீட்டில் எழுதித் தருகிறாள், பெயரை மட்டும் சொல்லவில்லை. அடுத்த முறை சொல்கிறேன் என்கிறாள். அவன் சீட்டை வாங்கிச் சட்டைப்பைக்குள் வைக்கிறான். அவள் போனபிறகு சிகரெட் எடுக்கக் கையை விடுகிறான், சீட்டு காற்றோடு போய்விடுகிறது. அவனுக்கு அது தெரியவே தெரியாது. நமக்குத் தெரியும். இப்போது பெயரும் இல்லை, நம்பரும் இல்லை. அவன் செய்யக்கூடியது ஒன்றுதான், அந்தத் தியேட்டர் வாசலில் போய் நிற்பது. அவன் எத்தனை நாள் நின்றான் என்று படம் சொல்வதில்லை. தரையில் கிடக்கும் சிகரெட் துண்டுகளை ஆன்ஸா பார்க்கிறாள். அவள் புரிந்துகொள்கிறாள், நாமும்தான். ஆன்ஸாவாக நடித்த ஆல்மா பொய்ஸ்தியும் ஹோலாப்பாவாக நடித்த யுஸ்ஸி வதானனும் அந்த இடத்தில் முகத்தைச் சுருக்கி அழுதிருந்தால் இந்தத் துண்டுகளை நாம் கவனித்திருக்கவே மாட்டோம்.

சிரிப்பும் அப்படித்தான் வருகிறது. அவர்கள் பார்க்கப்போவது ஜிம் ஜார்முஷின் ஜோம்பி படம். முதல் சந்திப்பில் பார்க்கிற படமா அது! அதைப் பார்த்துவிட்டு வெளியே வரும் ஒருவர் பிரெஸ்ஸோன் படத்தையும் இன்னொருவர் கோதார் படத்தையும் நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டு பேரும் தீவிரமான கலைப்படங்கள் எடுத்த பிரெஞ்சு இயக்குநர்கள். நான் வாய்விட்டுச் சிரித்தேன். முகம் மாறாமல் சொல்வதால்தான் அது சிரிப்பு.

எஸ்போவிலிருந்து எழுதியது:

ஹெல்சிங்கிக்குப் பக்கத்து நகரமான எஸ்போவில் குடும்பத்தோடு இருக்கிறேன். இழையைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது.

ஒரே முகம் என்று நண்பர் சொல்கிறார். படத்தில் இருப்பது கூட்டிச் சொன்னதுதான், நிஜத்தில் யாரும் அவ்வளவு இறுகிப் பேசுவதில்லை. ஆனால் அந்த அமைதிக்கு இங்கே வேர் உண்டு. பேருந்திலும் லிஃப்டிலும் பேசாமல் இருப்பது இங்கே மரியாதை. எதிரே இருப்பவரை அவர் பாட்டுக்கு இருக்க விடுவது. வந்த புதிதில் எனக்கு அது உறைத்தது, இப்போது பிடித்துவிட்டது.

குடி பற்றியும் சொல்ல வேண்டும். ஃபின்லாந்தில் 1919 முதல் 1932 வரை மதுவிலக்கு இருந்தது. அது எடுபட்ட பிறகு விற்பனை அரசு நிறுவனமான ஆல்கோவிடம் போனது. இன்றைக்கும் கடுமையான மது வேண்டுமானால் ஆல்கோ கடைக்குத்தான் போக வேண்டும், ஞாயிற்றுக்கிழமை அது திறக்காது. டாஸ்மாக் ஊரிலிருந்து வந்தவனுக்கு அரசே மது விற்பது ஆச்சரியமாக இல்லை. ஹோலாப்பா வேலை செய்யும் இடத்தில் புட்டியை ஒளித்து வைத்திருப்பான். குடிப்பதால் மனச்சோர்வு, மனச்சோர்வால் குடி என்று அவனே நண்பன் ஹுவோட்டரியிடம் சொல்வான். இங்கே நவம்பர் கடைசியில் மாலை நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். அந்த வாக்கியத்தை நான் இருட்டோடு சேர்த்துத்தான் கேட்டேன்.

இன்னொன்று, ரேடியோ. படம் முழுக்க உக்ரைன் போர்ச் செய்தி ஓடிக்கொண்டே இருக்கும். மரியுபோல், குண்டு, சாவு. ஆன்ஸா ரேடியோவை அணைப்பாள், மறுபடி போடுவாள். வெளியூர்க்காரர்களுக்கு இது பின்னணிச் சத்தமாகத் தோன்றலாம். ரஷ்யாவோடு 1,300 கிலோமீட்டருக்கு மேல் எல்லை உள்ள நாடு இது. 1939–40 குளிர்காலப் போரின் கதை கிட்டத்தட்ட எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறது. இந்தப் படம் கானில் திரையிடப்பட்டதற்கு முந்தைய மாதம்தான், 2023 ஏப்ரலில், ஃபின்லாந்து நேட்டோவில் சேர்ந்தது. அந்தச் செய்தியை அணைத்துவிட்டுச் சோறாக்குவது என்றால் என்ன என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும்.

சுவரில் தொங்கும் காலண்டரைக் கவனித்தீர்களா? 2024 என்று இருக்கும். படம் வந்தது 2023-ல். ரேடியோ 2022-ல் இருக்கிறது, வீட்டுச் சாமான்கள் அறுபதுகளில். எந்த வருஷத்தில் நடக்கிறது என்று கேட்டால் என்னால் பதில் சொல்ல முடியாது.

மழைவாசகி எழுதியது:

தட்டைப் பற்றி மாலைக்காட்சி எழுதியதைப் படித்துவிட்டு நேற்று இரவு பார்த்தேன்.

எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த விருந்துக் காட்சியின் பின்பாதி. சின்ன புட்டி ஒயினை அவன் ஒரே மடக்கில் முடிக்கிறான், இன்னும் இருக்கிறதா என்று பார்க்கிறான். அவள் சொல்கிறாள்: அப்பா குடியால் போனார், அண்ணனோ தம்பியோ அவனும் குடியால் போனான், அம்மா அந்தத் துக்கத்தில் போனாள், குடிகாரன் எனக்கு வேண்டாம். குரல் ஏறவில்லை. அவன் யார் சொல்லையும் கேட்கிறவன் இல்லை என்று எழுந்து போய்விடுகிறான்.

நம் படங்களில் குடிகாரனைத் திருத்துவது காதலியின் வேலை. பொறுத்துப்போவாள், அழுவாள், கடைசியில் ஜெயிப்பாள். ஆன்ஸா ஒன்றுமே செய்யவில்லை. கதவைச் சாத்திவிட்டாள். அவளுக்கு அவனைப் பிடிக்கும், அது கண்ணில் தெரிகிறது, ஆனாலும் சாத்திவிட்டாள். குடி நுழைந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்த முடிவு எவ்வளவு பெரியது என்று தெரியும். நான் அப்படி ஒரு வீட்டில் வளர்ந்தவள். அம்மாவுக்கு அப்படிச் சொல்ல ஒரு வாய்ப்புக் கிடைத்திருந்தால் என்று யோசித்தபடியே மிச்சப் படத்தைப் பார்த்தேன்.

நாயைப் பற்றி யாரும் எழுதவில்லையே? கொல்லப்பட இருந்த தெருநாயை ஆன்ஸா கூட்டிக்கொண்டு வருகிறாள். அது இயக்குநரின் சொந்த நாயாம்.

சாத்தூரான் எழுதியது:

ஃபாலன் லீவ்ஸ் பிடிச்சவங்க இதே இயக்குநரோட ‘தி மேட்ச் ஃபேக்டரி கேர்ள்’ (1990) கட்டாயம் பார்க்கணும். ‘ஷேடோஸ் இன் பாரடைஸ்’ (1986), ‘ஏரியல்’ (1988), அப்புறம் இது. மூணையும் சேர்த்துப் பாட்டாளி முத்தொகுதின்னு சொல்வாங்க. முப்பது வருஷத்துக்கும் மேல கழிச்சு வந்த ஃபாலன் லீவ்ஸை அதோட நாலாவது படமாத்தான் பார்க்கறாங்க.

எனக்கு அந்தப் படம் சொந்தக்காரங்க வீடு மாதிரி. எங்க ஆச்சி, அம்மா, அத்தை எல்லாரும் தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை பார்த்தவங்க. எங்க பக்கம் ஃபேக்டரின்னு சொல்ல மாட்டோம், தீப்பெட்டி ஆபீஸ்தான். அம்மா கட்டை அடுக்குவாங்க. சட்டத்துல வரிசையா இருக்கற காடிகள்ல ஒவ்வொரு குச்சியா நிறுத்தணும், நிறைஞ்சதும் இறுக்கிக் கொடுக்கணும், அதுக்கப்புறம்தான் மெழுகுக்கும் மருந்துக்கும் போகும். நாள்கூலி கிடையாது, எத்தனை கட்டையோ அத்தனைக்குக் கூலி. அம்மா விரல் பார்க்காமலே ஓடும். பேச்சு ஒரு பக்கம், கண்ணு வாசல்ல, விரல் அது பாட்டுக்குக் குச்சியை எடுத்து வெச்சிட்டே இருக்கும்.

அந்தப் படம் எப்படி ஆரம்பிக்குது தெரியுமா? ஒரு பெரிய மரக்கட்டை சுத்துது, பிளேடு அதைத் தகடு தகடா உரிக்குது. தகடு குச்சியாகுது, குச்சி மருந்துல முங்குது, பெட்டிக்குள்ள போகுது. நிமிஷக்கணக்கா வெறும் மெஷின். மனுஷங்களே இல்லை. அப்புறம் வரிசைக் கடைசியில ஒரு பொண்ணு, ஐரிஸ், பெட்டியில லேபிள் சரியா ஒட்டியிருக்கான்னு பார்த்துட்டு நிக்கறா. எங்க அம்மா பத்து விரலால செஞ்ச வேலை எல்லாத்தையும் மெஷின் செஞ்சிட்டு வருது, மிச்சம் இருக்கற துளி வேலைக்கு அவ.

சம்பளக் கவர் வீட்டுக்குப் போகுது. ஒரு தடவை அவ தனக்குன்னு ஒரு கவுன் வாங்கிட்டு வர்றா. மாற்றாந்தகப்பன் கன்னத்துல அறையறான், திருப்பிக் கொடுத்துட்டு வான்னு அம்மா சொல்றா. எங்க தெருவுல தீபாவளிக்குத் தனக்குப் பிடிச்ச சேலை எடுத்ததுக்கு வாங்கிக்கட்டிக்கிட்ட அக்காக்களை எனக்குத் தெரியும். அவங்க சம்பாதிச்ச காசுதான். டிவியில சீனாவோட தியானன்மென் சதுக்கப் போராட்டச் செய்தி ஓடிட்டு இருக்கும், வீட்டுக்குள்ள இந்தச் சண்டை. ரேடியோவுல உக்ரைன்னு எஸ்போ அண்ணன் எழுதினதைப் படிச்சதும் இதுதான் ஞாபகம் வந்தது. அதே ஆளு, அதே பழக்கம்.

கத்தி ஔட்டினன் ஐரிஸா நடிச்சிருக்காங்க. டான்ஸ் ஹால்ல சுவரோரமா பெண்கள் வரிசையா உட்கார்ந்திருப்பாங்க. ஒவ்வொருத்தரையா ஆட அழைச்சிட்டுப் போவாங்க. கடைசியில அவ மட்டும். அந்த முகத்தைப் பார்த்துட்டு ஒரே முகம்னு சொல்ல எனக்கு மனசு வராது.

தெற்குவாசல் எழுதியது:

சாத்தூரான், உங்கள் பதிவுக்கு நன்றி. கட்டை அடுக்குகிற விரல்களை நீங்கள் எழுதிய இடத்தில் நான் நின்றுவிட்டேன். அதை ஒரு படமாக யாராவது எடுக்க வேண்டும்.

ஆனால் என் கேள்வி அப்படியேதான் இருக்கிறது. உழைக்கிறவர்களைப் பற்றிய படம் என்றால் எனக்கு பெல்ஜிய இயக்குநர்களான தார்தென் சகோதரர்கள்தான். ‘டூ டேஸ், ஒன் நைட்’ (2014) எடுத்துக்கொள்ளுங்கள். சாந்த்ராவின் வேலையைக் காப்பாற்ற வேண்டுமானால் கூட வேலை செய்கிற 16 பேரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஆளுக்கு 1,000 யூரோ போனஸை விட்டுக்கொடுக்க வேண்டும். ஒரு சனி ஞாயிறுக்குள் அவள் வீடு வீடாகப் போய்க் கேட்கிறாள். கதவைத் திறக்கிற ஒவ்வொருவருக்கும் அந்த 1,000 யூரோவுக்கு ஒரு செலவு காத்திருக்கிறது. யாரையும் திட்ட முடியவில்லை. கேமரா அவள் முதுகுக்குப் பின்னாலேயே ஓடுகிறது, நமக்கு மூச்சு வாங்குகிறது. அங்கே நிறம் பொருத்தி யாரும் சுவர் அடிக்கவில்லை. இரண்டாம்_ஷிப்ட் சொன்ன ‘கூட நின்னாங்க’ என்பது கௌரிஸ்மாகி படத்தில் ஒரு நிமிஷத்தில் நடந்துவிடுகிறது. நிஜத்தில் கூட நிற்பதற்கு என்ன விலை என்று தார்தென்கள் கேட்கிறார்கள்.

மாலைக்காட்சி எழுதியது:

யோசித்துவிட்டு வருகிறேன் என்றேன், வந்துவிட்டேன்.

நீங்கள் சொல்லும் வேறுபாடு சரி. தார்தென் படம் பார்க்கும்போது நான் நாற்காலி நுனியில் இருந்தேன். அந்தக் கேள்வியை கௌரிஸ்மாகி கேட்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அழகு பற்றி எனக்கு வேறு கருத்து. ஆன்ஸாவின் வீடு ஞானத்தாயிடமிருந்து அவளுக்கு வந்தது. அதில் இருப்பது எல்லாம் பழசு, சுத்தமாக வைத்திருக்கிறாள். கூலி வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் அழகு இருக்கக்கூடாதா? என் பெரியம்மா வாடகை வீட்டில் இருந்தவர், பாத்திரத்தைக் கவிழ்த்து அடுக்கும் வரிசையை யாரும் கலைக்கக்கூடாது. கையில் காசு இல்லாதவர்களுக்கு அந்த ஒழுங்கு ஒன்றுதான் தன் இஷ்டப்படி அமைத்துக்கொள்ளக்கூடியது. டிமோ சல்மினனின் ஒளிப்பதிவு அவர்களுக்கு அந்த மரியாதையைத் தருகிறது என்று நான் நினைக்கிறேன். ரசிக்கிற பொருளாக ஆக்குகிறது என்று நீங்கள் நினைக்கிறீர்கள். இதில் நாம் ஒத்துப்போக வேண்டியதில்லை.

வேலையிடத்தை அவர் அழகாக்கவில்லை என்பதையும் பாருங்கள். ஹோலாப்பாவுக்கு அடிபடுவது பழைய உபகரணத்தால். மது குடித்திருந்தான் என்று தெரிந்ததும் பழி முழுக்க அவன் தலையில். ஆன்ஸா அடுத்து சேர்கிற பாரில் சம்பள நாளன்று முதலாளியைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போகிறது, செய்த வேலைக்குக் கூலி இல்லை. 81 நிமிஷத்தில் இருவருக்கும் எத்தனை வேலை மாறுகிறது! அவர்கள் காதலுக்குக் குறுக்கே நிற்கும் வில்லன் என்று யாரையாவது காட்டச் சொன்னால் நான் இந்த வேலைகளைத்தான் காட்டுவேன்.

புதுமுகம் எழுதியது:

எல்லாருடைய பதிவையும் படித்தேன். நான் இதுவரை வெளிநாட்டுப் படம் என்று ஹாலிவுட், கொரியன் திரில்லர் தவிர எதுவும் பார்த்ததில்லை. சப்டைட்டில் படித்துக்கொண்டே இவ்வளவு மெதுவான படம் பார்க்க முடியுமா என்று பயம். எதில் தொடங்கலாம்?

எஸ்போவிலிருந்து எழுதியது:

வசனம் ரொம்பக் குறைவு, சப்டைட்டில் பயமே வேண்டாம். பாட்டு வரும் இடங்களில் மட்டும் வரிகளைப் படியுங்கள். ஃபின்லாந்தில் டாங்கோ இசை வேர் பிடித்த ஒன்று, சோக ராகம்தான் பெரும்பாலும். இந்த ஆட்கள் வாயால் சொல்லாததை எல்லாம் பாட்டுச் சொல்லிவிடும். பாரில் மௌஸ்தேதுத்தோத் என்ற இரண்டு பெண்களின் இசைக்குழு பாடும் இடம் வந்தால் அப்போது ஹோலாப்பாவைப் பாருங்கள்.

சாத்தூரான் எழுதியது:

தம்பி, முதல்ல ஃபாலன் லீவ்ஸ். அதுல சிரிப்பு இருக்கு, நாய் இருக்கு. பிடிச்சிருந்தா ஷேடோஸ் இன் பாரடைஸ், குப்பை வண்டி ஓட்டறவனுக்கும் சூப்பர் மார்க்கெட் கேஷியருக்கும் நடக்கற கதை. மேட்ச் ஃபேக்டரி கேர்ள் ஒன்றேகால் மணி நேரம்கூட இல்லை, ஆனா அதைக் கடைசியா வெச்சுக்குங்க. பின்பாதி ரொம்பக் கடுமை, ராத்திரி தனியா பார்க்க வேண்டாம். தார்தென் படத்தை அதுக்கப்புறம் பாருங்க, தெற்குவாசல் அண்ணன் கூட அப்ப நீங்களே பேசலாம்.

இரண்டாம்_ஷிப்ட் எழுதியது:

நானும் ஷேடோஸ் இன் பாரடைஸ் பார்க்கல. ஞாயித்துக்கிழமை எனக்கு வார லீவு. பார்த்துட்டு திங்கக்கிழமை இதே இழையில எழுதறேன், புதுமுகம் நீங்களும் பார்த்துட்டு வாங்க.